பாதிவிலை வாங்கிய போன்

தெருவில் அவளுக்குப் பெயரே 'பாதிவிலை'. மிக்சி, மின்விசிறி, மகளின் சைக்கிள் எல்லாம் யாரோ பயன்படுத்திக் கழித்தவை. பழைய பொருளைத் தடவிப் பார்த்தே அது எத்தனை கை மாறியது என்று சொல்லிவிடுவாள். சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. வருகைப் பதிவுக்கு ஸ்மார்ட்போன் கட்டாயம் என்றார்கள். பழைய போன் கடையில் நாலு வருடம் முந்தைய மாடல் ஒன்றை வாங்கி வந்தாள்.

"ஏன் அண்ணி, தவணையில புதுசே வாங்கலாம்ல?" என்றாள் நாத்தனார்.

"பேசணும், படம் எடுக்கணும். தண்ணி மொள்ளத் தங்கக் குடமாடி வேணும்?"

மறுநாள் ஒரு ஏப்ரனைக் கட்டிவிட்டு அவளைக் கறை நீக்கும் அறையில் விட்டார்கள். சன்னல் அடைத்திருந்தது. திராவக நெடி மூக்கில் ஏறி நெற்றியில் உட்கார்ந்தது. சலவைக்கூடத்து வைஃபைக்குப் பாஸ்வேர்டு கேட்க வாயைத் திறந்தாள். அதற்குள் போன் தானாகவே இணைந்துவிட்டது.

"சார், எனக்கு முன்னாடி இந்த மேசையில யாரு வேலை பாத்தாங்க?"

"யாருமில்ல. மேசையே புதுசு" என்றார் சூப்பர்வைசர்.

அவள் விளிம்பைத் தடவினாள். வருடக்கணக்கில் ஒரு முழங்கை ஊன்றித் தேய்ந்த பள்ளம் இருந்தது.

பத்து மணிக்குப் போன் அலறியது. திரையில் இரண்டே சொற்கள்: 'வெளியே போ'. பதினொன்றுக்கும் அதுவே. பன்னிரண்டுக்கும் அதுவே.

கைமயிர் சிலிர்த்தது. ஆனால் பேய்க்கு அலாரம் வைக்கத் தெரியாது, மனுஷிக்குத்தான் தெரியும். கடைக்காரர் பழையதை அழிக்காமல் விற்றிருக்கிறார், அவ்வளவுதான். இந்த நெடியிலிருந்து மணிக்கொரு முறை வெளியே போய் மூச்சு வாங்க, இதே அறையில் இருந்த யாரோ வைத்தது. காரணம் புரிந்த பிறகுதான் அவளுக்கு உண்மையில் பயம் வந்தது.

படங்களைத் திறந்தாள். நாள் தவறாமல் ஒரே படம்: இதே சுவர், சுற்றாத புகைபோக்கி விசிறி, அதில் நூலாம்படை. கடைசிப் படத்தில் ஆணியில் தொங்கும் ஏப்ரன், அதன் பையில் இஸ்திரிப்பெட்டி பட்டு முக்கோணமாய்த் தீய்ந்த தடம். மெதுவாகக் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தாள். அதே முக்கோணம்.

'வீடு' என்றிருந்த எண்ணை அழைத்தாள். ஒரு பெண் எடுத்தாள்.

"அம்மா, உங்க வீட்டுப் போன் ஒண்ணு என்கிட்ட இருக்கு. சலவைக்கூடத்துலேர்ந்து பேசறேன்."

"எம் பொண்ணோடது. செலவுக்கு வித்துட்டோம். எட்டு மாசம் முன்னாடி அங்கதான் மயங்கி விழுந்தா, எந்திரிக்கவே இல்ல. அப்படி ஒருத்தி இங்க வேலையே செய்யலைன்னு சாதிச்சுட்டாங்கம்மா. எங்ககிட்ட ஒரு சாட்சியும் இல்ல."

"வீடு எங்கன்னு சொல்லுங்க. சாட்சியோட வரேன்."

முகவரியைக் கேட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். வாசலில் சூப்பர்வைசர்.

"வேலை நேரத்துல என்ன பேச்சு? போனை இப்படிக் குடு."

ஒரு விசிறி ஓடும் மின்சாரத்தை மிச்சம் பிடித்தவர்கள் இவர்கள். அவளும் சிக்கனக்காரிதான், ஆனால் அடுத்தவள் மூச்சில் மிச்சம் பிடித்ததில்லை. போனைத் தீய்ந்த பைக்குள் போட்டாள். மணி ஒன்று. பைக்குள்ளிருந்து அலாரம் கத்தியது. அவள் எழுந்தாள்.

"இப்ப வெளியே போனா உனக்கு வேலை இல்ல!"

"இந்த மேசையில யாருமே வேலை செய்யலைன்னீங்களே சார். இல்லாத ஆளை எப்படி நிறுத்துவீங்க?"

ஏப்ரனைக் கழற்றாமலே நடந்தாள். வெளிக்கதவைத் தாண்டியதும் வைஃபை அறுந்தது. அலாரமும் தானாகவே நின்றது.