புரொஜெக்டரை மறித்த நிஹாரா மிஸ்

அரநாயக்கவில் ஒரு சரிவுக்கு மேலே டிரோனைப் பறக்கவிட்டிருந்தபோது பெல்மதுளையிலிருந்து லெச்சுமி அத்தை போன் செய்தார். "ஒங்க மிஸ் தவறிட்டாங்கடா. நெஞ்சு வலியாம். நாங்க எல்லாரும் போறோம், நீ வந்துரு." டிரோனை இறக்கிவிட்டு பஸ் மாறி மாறி நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

நிஹாரா மிஸ் எங்கள் வரைபடப் பிரிவின் தலைவி. மாணிக்கக்கல் தோண்டிய குழிகளால் சிதைந்த ஓடைகளையும் மண் மூடிய சதுப்பு நிலங்களையும் கணினி வரைபடத்தில் தேடி, எவற்றை மீட்கலாம் என்று சொல்வது எங்கள் வேலை. நான் எடுக்கும் படங்களை ஒட்டி வரைபடமாக்குவது அவர். நல்ல கோபக்காரர். கோபத்திலும் "தம்பி, நீங்க" என்றுதான் பேசுவார். அது இன்னும் சுடும்.

மீட்க வேண்டிய ஓடைகளைத் தெரிவு செய்த அந்தக் கூட்டத்தில், இன்று மிஸ்ஸை நினைத்துக் கூடியிருக்கும் உங்களில் பலர் இருந்தீர்கள். நான் பிறந்த பெல்மதுளைத் தேயிலைத் தோட்டத்து ஓடையும் அன்று பட்டியலில் இருந்தது. படங்களைச் சரிபார்க்காமல் ஓட்டினேன். ஓடை நீர் குழாயாகக் கொட்டும் பீலியடியில் குறுக்குக்கட்டோடு குளித்துக்கொண்டிருந்த பெண்கள், டிரோன் சத்தத்துக்கு நிமிர்ந்து பார்த்தபடி, சுவரளவு பெரிதாக வந்து நின்றார்கள். "நங்கிலா நானவா" என்று யாரோ சிங்களத்தில் தங்கச்சிமாரின் குளியலைக் கேலி செய்ய, அறையே சிரித்தது. அந்தப் பெண்களில் ஒருவர் லெச்சுமி அத்தை. தெரிந்தும் நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் நான் தோட்டத்து வரிசைவீட்டுக்காரன், லயத்து ஆள் என்று தெரிந்துவிடுமோ என்று பயம்.

மிஸ் எழுந்து புரொஜெக்டருக்கு முன்னால் போய் நின்றார். படம் முழுவதும் அவருடைய வெள்ளை முக்காட்டில் விழுந்தது. "ஓடையப் பாக்கத்தான் கூடினோம். பார்த்து முடிஞ்சா லைட்டப் போடுங்க" என்றார். லைட் போடும்வரை அவர் நகரவில்லை.

மறுநாள் என்னைத் தோட்டத்துக்கு இழுத்துப் போனார். கூட்டத்துக்கு வந்திருந்த தோட்டத்துக் கிளாக்கர் மூலம் விஷயம் எங்களுக்கு முன்பே போயிருந்தது. "நல்லது செய்யத்தான் வாறீங்க. சொல்லிட்டுல்ல வரணும்?" என்று பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். இனி ஓடைக்கு மேல் எதுவும் பறக்கக் கூடாது என்றார்கள்.

"பிழை எங்கட" என்றார் மிஸ். அவர்கள் முன்னாலேயே படங்களை அழித்தார். எந்த நேரம் வரலாம் என்று கேட்டார். அத்தைதான் மனம் இறங்கினார்: "கொழுந்து நிறுக்குற நேரம் வாங்க. அப்ப பீலியில யாரும் இருக்க மாட்டோம்." பிறகு என்னைக் காட்டி, "இவன் எங்க அண்ணன் மகன்தான் மிஸ். தெரியாம செஞ்சிருப்பான்" என்றார். மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

திரும்பும் வழியில் சொன்னார்: "நம்மட வேலை மேலருந்து பாக்குறது, தம்பி. கேக்காமப் பார்த்தா அது ஒளிஞ்சு பாக்குறது." பிறகு, "நீங்க சிரிச்சத நான் உங்கட அத்தைக்கிட்ட சொல்லல்ல. அது நீங்க சொல்ல வேண்டியது."

அந்த ஓடை தெரிவானது. வேலியோ நடுகையோ பீலியடிக்கு வராதபடி மிஸ் வரைபடத்தில் அந்த இடத்தை ஒதுக்கிவைத்தார். நான் மட்டும் அத்தையிடம் சொல்லவே இல்லை. நாளைக்கு, அடுத்த லீவுக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

அடக்கத்தன்று மிஸ் வீட்டு வாசலில் அத்தை கண்ணைத் துடைத்தபடி நின்றிருந்தார். "எங்க மானத்தக் காப்பாத்துன மனுசி. ஆமா, அன்னைக்கு நீயும் அங்கதான இருந்த, நீ என்னடா செஞ்ச?"

"சிரிச்சேன் அத்த. நீங்கன்னு தெரிஞ்சும் சிரிச்சேன்."

அத்தை என் முகத்தையே பார்த்தார். பிறகு மற்றப் பெண்களோடு போய் பஸ் ஏறிவிட்டார். இதுவரை என் போனை எடுக்கவில்லை.

மிஸ்ஸிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த வெட்கத்தைத்தான். அத்தை நாளைக்கே மன்னித்தாலும் இதை நான் விடப்போவதில்லை.