அவள் வருவதற்கு முன் அடித்த ஸ்ப்ரே

என் மனைவி நர்ஸ். நாலு வருஷமாக அயர்லாந்தில் வேலை. நான் ஆனையூரில் இருக்கிறேன். ஐப்பசியில் மூன்று வாரம் லீவில் வருவதாக அவள் சொன்ன நாளிலிருந்து எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன், பைக்குக்கு டயர் மாற்றினேன். பிறகு பீரோவிலிருந்து அவளுடைய மழைக்கோட்டை எடுத்தேன்.

கல்யாணமான புதிதில் வாங்கியது. மழை பிடித்தால் கீழக்குயில்குடி வரை பைக்கில் போய் வருவோம். அவள் கோட்டுக்குள் நனையாமல் உட்கார்ந்துகொண்டு, தொப்பலாக நனைந்த என் முதுகில் விரலால் ஏதாவது எழுதிக்கொண்டே வருவாள். இப்போது அதைக் குழாயடியில் பிடித்துப் பார்த்தால் தண்ணீர் வழிந்து ஓடாமல் துணியில் ஊறியது. ஆன்லைனில் ஒரு வாட்டர்ப்ரூஃப் ஸ்ப்ரே வாங்கினேன்.

அன்றைக்கு வெளியே தூறல். படுக்கையறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடித்தேன். ஒரு தடவை அடித்தால் போதும் என்று டப்பாவில் போட்டிருந்தது. நான் மூன்று தடவை அடித்தேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு இறுகி இருமல் பிடித்துக்கொண்டது. அந்தச் சமயம் பார்த்து அவள் வீடியோவில் கூப்பிட்டாள். ஒன்றுமில்லை என்று சமாளிக்கப் பார்த்தேன். என் மூச்சுச் சத்தமே அவளுக்குப் போதுமாக இருந்தது.

“பேசாதீங்க. மொதல்ல காத்தாட மாடிக்குப் போங்க.”

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு அவளே போன் போட்டாள். அவர் என்னைக் கே.கே. நகரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஆக்ஸிஜன் வைத்தார்கள். அந்தக் கோட்டைப் போடுவதால் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஸ்ப்ரேயின் பொடித் துளிகள் நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து என்றார் டாக்டர். மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்.

அதற்குள் அவள் எங்கெங்கோ விசாரித்திருந்தாள். இந்த மாதிரி ரசாயனம் சிலது தண்ணீரிலும் மண்ணிலும் அழியாமல் கிடக்குமாம். அவளிருக்கும் ஊரில் அது இல்லாத கோட்டுகள் வந்துவிட்டனவாம். எல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

“எதுக்குங்க இம்புட்டு அடிச்சீங்க?”

“நீ நனையக் கூடாதுன்னுதான்.”

“இங்க தெனமும் மழைதான். கோட்டுப் போட்டுப் போட்டு அலுத்துப்போச்சு. நம்மூர்ல நனையலாம்னுதான் ஐப்பசியில லீவு கேட்டேன்” என்றாள்.

அந்த லீவு கிடைக்கவில்லை. ஆள் பற்றாக்குறை என்று தை மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள். தையில் இங்கே மழை ஏது? அதை நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த வருஷம் ஐப்பசி முழுக்க நல்ல மழை. பின்சீட்டில் ஆளில்லாமல் வேலைக்குப் போய் வந்தேன்.