முற்றத்துத் தொட்டிச்செடி

இன்று பல் மருத்துவரின் வரவேற்பறையில், பச்சை இலையில் வெள்ளை தெளித்த அந்தத் தொட்டிச்செடியைப் பார்த்ததும், இப்போது கார் நிறுத்துமிடமாகிவிட்ட எங்கள் சின்ன காஞ்சிபுரத்து வாடகை வீடு நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகளில் அங்கே எல்லாக் குடித்தனங்களிலும் பட்டுத்தறி ஓடும். பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே கத்த வேண்டும், பகலெல்லாம் அந்தச் சத்தத்துக்குள்ளேயே சாப்பிட்டோம், விளையாடினோம், படித்தோம். நடுமுற்றத்தில் வீட்டுக்கார அம்மா வளர்த்த இதே வகைச் செடி, கணுக்கணுவாகத் தண்டு விட்டு, குட்டிக் கரும்பு போலவே நிற்கும்.

ஒரு பொங்கல் சமயம் என் சின்னத் தங்கை மலர் அதை ஒடித்துக் கடித்துவிட்டாள். ஓடிவந்து என் முன்னால் வாயை அகலத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணீர் வழிந்தது. தறிச் சத்தத்தில்தான் அழுகை கேட்கவில்லை என்று நினைத்து, "இன்னாடி, சத்தமா சொல்லு" என்றேன்.

சாப்பாட்டு வேளை வந்து தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. வீடே அமைதியான பின்பும் அவளுடைய திறந்த வாயிலிருந்து ஒன்றுமே வரவில்லை. நான் அம்மாவைக் கத்திக் கூப்பிட்டேன்.

அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். செடியின் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக இருக்கிறது, அவை குத்தித்தான் நாக்கும் தொண்டையும் வீங்கிவிட்டன என்றார் டாக்டர். "அழகுக்குத்தாம்மா வெச்சேன்" என்று அழுதபடியே வீட்டுக்கார அம்மா செடியைப் பிடுங்கி எறிந்தாள்.

வீக்கம் வடிந்ததும் மலர் முதலில் பேசியது அம்மாவிடம்தான்.

"யம்மா, நான் கத்திக்கினே இருந்தேன். உங்க யாருக்கும் கேக்கலியா?"