வெண்டைக்காய் முத்திரை

வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தை வெட்டி, குங்குமம் கரைத்த தண்ணீரில் தோய்த்துக் காகிதத்தில் குத்தினால் ஐந்து இதழ்ப் பூ ஒன்று விழும். நான் வாங்கிய முதல் ஸ்பெயின் அரசு முத்திரை அதுதான். குத்தியவள் என் நாத்தனார்.

என் கணவர் ஸ்பெயினில் ஓர் உணவகத்தில் சமையல்காரர். நானும் மகளும் விசாவில் போய்ச் சேர்ந்த பிறகு, அங்கேயே தங்குவதற்கான அட்டைக்கு நான்தான் அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும், அவருக்கு அன்று லீவு கிடைக்காது என்று ஊரிலிருந்து புறப்படும் முன்பே தெரிந்ததும், நாத்தனாரிடம் போய்ப் புலம்பினேன். ரேஷன் கடையிலேயே வாய் திறக்காத ஆள் நான்.

நாத்தனார் சிதம்பரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். "எந்த ஊரா இருந்தா என்ன அண்ணி, ஆபீஸ் ஆபீஸ்தான்" என்று சொல்லி, பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனைப் பார்த்து எனக்காக அவளும் ஸ்பானிய வார்த்தைகளைப் படித்தாள். மாலையில் எங்கள் மஞ்சக்குப்பத்து வீட்டுக்குள் நுழைந்ததும் முகம்கூடக் கழுவமாட்டாள். சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினால் அவள் ஸ்பெயின் அதிகாரி. 'ஃபிர்மா' என்றால் நான் கையெழுத்துப் போட வேண்டும். 'சேயோ' என்றால் முத்திரை. திணறினேனோ, 'புவெல்வா மன்யானா', அதாவது நாளைக்கு வா, என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்க எழுந்து போய்விடுவாள், பாவி! சரியாகச் சொன்னால்தான் பூ விழும். "கொழம்புக்கு வாங்கின வெண்டக்காயெல்லாம் கவர்மெண்டுக்கே போவுது" என்று மாமியார் அலுத்துக்கொள்வார்.

அவளுக்கு மிகவும் பிடித்தது 'ஃபால்தா உனா கோபியா', ஒரு நகல் குறைகிறது என்ற வாக்கியம். "இத மட்டும் எங்க போனாலும் கேப்பாங்க. எதுக்கும் ரெண்டு ஜெராக்ஸ் ஜாஸ்தியா வெச்சிக்குங்க அண்ணி" என்பாள்.

ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்து, அந்த நாளும் வந்தது. எனக்கு முன்னால் நின்றவர் ஏதோ காகிதம் இல்லாமல் வாடிய முகத்தோடு திரும்பிப் போனார். மறுபடி அப்பாயின்ட்மென்ட் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். கவுண்டரில் இருந்த அம்மாள் என் தாள்களைப் புரட்டி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். எனக்கு வந்த சிரிப்பை அடக்கவே பெரும்பாடாகிவிட்டது. "ஃபால்தா உனா கோபியா" என்றார். பையிலிருந்து ஒன்றுக்கு இரண்டாக எடுத்து நீட்டினேன். அவரே சிரித்துவிட்டார். டப்பென்று முத்திரை விழுந்தது. சந்தோஷத்தில் அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெளியே வந்து போன் செய்தால், நாத்தனார் கேட்ட முதல் கேள்வி, "பூவா விழுந்துச்சா அண்ணி?"

இங்கேயும் வெண்டைக்காய் கிடைக்கிறது. போன வாரம் சாம்பாருக்கு நறுக்கும்போது காம்பை எறியவில்லை. நாத்தனார் எங்களைப் பார்க்க இங்கே வருவதற்காக நாங்கள் இங்குள்ள போலீஸில் விண்ணப்பித்திருந்த அழைப்புக் கடிதம் அன்றுதான் கைக்கு வந்திருந்தது. அதன் நகலில் ஒரு பூ குத்தி, படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். குதிப்பாள், கூத்தாடுவாள் என்று பார்த்தால், பதில் ஒரே வரியில் வந்தது: "ஃபால்தா உனா கோபியா."

வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இன்னொரு நகலை எடுத்து, அதிலும் ஒரு பூ குத்தினேன்.