தோள் அளவு

மலாக்கா நகரத்துக் காஜா பேராங்கில் எனக்குச் சட்டை தைத்துக் கொடுத்த அம்மா, பல தலைமுறைக்கு முன் அங்கே குடியேறிய தமிழர் வழிவந்த மலாக்கா செட்டி; ஆனால் தமிழ் தெரியாது, மலாய்தான். கழுத்தில் அளவு நாடா, உதட்டிடுக்கில் எப்போதும் நாலு குண்டூசி. பேச வேண்டுமென்றால் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டை ஓரத்தில் செருகிக்கொள்வார்.

மலாயாவின் முதல் சுதந்திர நாள் விழாவில் நான் தமிழில் பேசவிருந்தேன். உவமை, உருவகமெல்லாம் கரைத்துக் குடித்தவன் என்ற நினைப்பு எனக்கு. "சுதந்திரம் ஒரு சூரியன்" என்ற என் முதல் வரியை அவருக்கு மலாயில் பெருமையோடு சொன்னேன். ஊசிகள் வெளியே வந்தன. அவர் மலாயில் சொன்னது இதுதான்:

"சூரியனா தம்பி? அது வெள்ளைக்காரன் காலத்துலயும் தினம் வந்துச்சே! இத்தனை நாளா அவன் அளவுக்குத் தச்ச சட்டையப் போட்டுக்கிட்டிருந்தோம். இப்பதான் நம்ம தோளுக்கு அளவெடுக்குறோம். அதச் சொல்லு."

சுருக்கென்றது. இருந்தாலும் மேடையில் அதையே சொன்னேன். துரைமார் கழித்துப்போட்ட சட்டையில் வந்திருந்த ரப்பர் தோட்டத்து ஆட்கள், தோளை நிமிர்த்திக்கொண்டு கைதட்டினார்கள்.

கூட்டத்திலிருந்த செட்டி அம்மாவுக்கு என் பேச்சில் ஒரு சொல்லும் புரிந்திருக்காது. நிமிர்ந்த தோள்களைப் பார்த்தே அது தன் வரி என்று கண்டுகொண்டார். எழுந்து நின்று, கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கொடிபோல் உயர்த்திப் பிடித்தார்.

என் சூரியனை அன்று யாரும் தேடவே இல்லை.