கிணற்றுப் படலை

பிறர் வீட்டுக்குக் காவலிருப்பது, எஜமானுக்கும் ஊருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கும் உத்தியோகம். பட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன், கொழும்பில் கோட்டு வழக்குகள் பார்க்கும் பிரக்கிராசியார் ஒருவர் விடுமுறைக்கென்று பாசிக்குடாக் கடற்கரையில் வீடு கட்டினார். வருடத்தில் சில வாரம் அவர் இருப்பார். மற்ற நாளெல்லாம் உள்ளூர்க்காரனான நான்.

பூட்டு

அவர் வாங்கிய வளவுக்குள் ஊரின் ஒரே நல்ல தண்ணீர்க் கிணறும் அகப்பட்டுவிட்டது. ஊரார் அசுத்தப்படுத்துகிறார்கள் என்று வேலி அடைத்து, வாசலுக்கு அகலமான இரட்டைப் பலகைப் படலை போட்டுப் பூட்டினார். பூட்டின் திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக் கொழும்புக்கே கொண்டுபோனார். பெண்கள் குடத்தோடு காட்டோரக் குளம்வரை நடந்தார்கள். காவற்காரனான நானும் கூடவே நடந்தேன். எனக்கு அக்கா முறையான கண்ணம்மை வழியில் கேட்டாள்: "நீ ஊட்டைக் காக்கிறியா தம்பி, எங்களிட்ட இருந்து தண்ணியக் காக்கிறியா?"

கயிறு

ஒருநாள் ஊரார் கரைவலை இழுக்கும்போது பிரக்கிராசியாரின் மனைவி, எங்களுக்கெல்லாம் அம்மா, ஆசைப்பட்டுக் கயிற்றைப் பிடித்தார். உள்ளங்கை சிவந்தும் விடவில்லை. பின்னேரம் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கணபதி ஒரு கூடை மீனோடு வந்தார். அம்மா காசு எடுக்கப் போனார். "காசு வேணாம் அம்மா. கயித்தில கை வெச்ச ஆளுக்குப் பங்கு இருக்கு" என்றார் கணபதி.

அம்மா நேரே கணவரிடம் போய்க் கிணற்றுத் திறப்பைக் கேட்டார். அவர் பத்திரிகையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "அடுத்த முறை வரேக்க பாப்பம்."

மாரி

அடுத்த முறை வந்தது மாரியில். அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். டாக்குத்தரைக் கூட்டிவரப் போன கார் வெள்ளத்தில் நின்றுவிட்டது. டாக்குத்தர் வந்து சேருமுன்னே அம்மா போய்விட்டார். எனக்கு அழுகை அடங்கவில்லை.

சொல்லியனுப்பாமலே ஊர் வந்தது. பெட்டி செய்யப் பலகை இல்லை. அதைக் கேட்டதும் பிரக்கிராசியார் எழுந்து, மழையில் நடந்துபோய், கிணற்றுப் பூட்டைத் திறந்து படலையைக் கழற்றப் பார்த்தார். ஒருவரால் அசையவில்லை, கணபதி சேர்ந்து தூக்கினார். அந்தப் பலகையே அம்மாவுக்குப் பெட்டியாயிற்று. பெண்கள் அந்தக் கிணற்றில் அள்ளித்தான் அம்மாவைக் குளிப்பாட்டினார்கள். "உங்களுக்கு நான் என்ன செய்தனான், இவ்வளவு பேரும் வாறதுக்கு?" என்று பிரக்கிராசியார் கேட்டார். கணபதி சொன்னார்: "அவ எங்கட பங்காளி ஐயா. நாங்க தூக்காம மறுகா ஆரு தூக்குற?"

வெறும் வாசல்

மறுவருடம் அவர் தனியே வந்தார். புதுப் படலைக்கு ஆசாரியைக் கூப்பிடவா என்று கேட்டேன். கிணற்றடியில் கண்ணம்மை தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் பார்த்துச் சொன்னார்: "வேண்டாம். மனிசி திறந்துபோட்டுப் போனதை நான் பூட்டேலாது."

படலையே இல்லாத கிணற்றுக்கு அதன்பின் பல வருடம் காவலிருந்து, ஏச்சு ஒன்றும் வாங்காமல் சம்பளம் மட்டும் வாங்கிய காவற்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.