கை தட்டாமல் உட்கார்ந்த அம்மாக்கள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவது நின்றுவிட்டது. மளிகைச் சாமான் எழுதிக் கொடுப்பதும் கையெழுத்துப் போடுவதும்தான் பழக்கம். போதாக்குறைக்கு மறதி வேறு வந்து சேர்ந்திருக்கிறது. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அடுப்பில் என்ன வைத்தோம் என்கிற நினைப்பு வந்துவிடுகிறது. அங்கங்கே தட்டுத் தடுமாறி இருந்தால் பெரிய மனசு பண்ணிப் படித்துக்கொள்ளுங்கள்.

மயிலாப்பூரில் குளத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சந்தில் எங்கள் குடியிருப்பு. நான் மாடியில் தனியாக இருக்கிறேன். கீழ் வீட்டில் ஓர் அம்மாவும் மகளும். அந்த அம்மா காலையில் தெருமுனையில் இட்லிக் கடை போடுவாள், சாயங்காலம் சுண்டல். என்னைப் பெரிம்மா என்று கூப்பிடுவாள். மகளுக்கு நான் ஆயா.

அந்தப் பெண் எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூட பேண்டு வாத்தியத்தில் சேர்ந்தாள். அதில் பெரிய டிரம் என்று ஒன்று உண்டு. தோளில் வார் மாட்டி வயிற்றுக்கு முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும். அதுதான் அவளுக்குக் கிடைத்தது. எதிரே நின்று பார்த்தால் பெண்ணே தெரியமாட்டாள். டிரம்முக்குக் கால் முளைத்து நடந்து வருகிற மாதிரி இருக்கும். பேண்டில் மற்றவர்கள் எல்லாரும் அந்த அடியை வைத்துத்தான் கால் எடுத்து வைப்பார்கள் என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவாள். சாப்பிடும்போதுகூட இடது கை தொடையில் அடித்துக்கொண்டே இருக்கும்.

அந்த வருஷம் பள்ளிகளுக்குள் பேண்டுப் போட்டி வந்தது. சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் தாண்டிப் போகிற வழியில் ஒரு பெரிய உள்விளையாட்டு அரங்கத்தில். இட்லிக்காரி அன்றைக்குக் கடைக்கு லீவு விட்டுவிட்டாள். தெருவிலிருந்து பெண்களைத் திரட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அப்படி ஓர் இடத்துக்குள் நான் போனதே இல்லை. சுற்றிலும் படிப்படியாக நாற்காலி. நடுவில் பளபளவென்று தரை. தலைக்கு மேலே எங்கேயோ இரும்புச் சட்டமும் தகரமும். அந்தக் கூரையைப் பார்த்தாலே எனக்குக் கழுத்து வலித்தது. சத்தம் அங்கே போய் முட்டிவிட்டுத் திரும்பி வரும். திறந்தவெளியில் டிரம் அடித்தால் ஒரு அடி, தீர்ந்தது. இங்கே ஒரு அடிக்குப் பின்னாலேயே இன்னொரு அடி தேய்ந்துபோய் வரும். ஊதுகிற பெண்கள் கன்னம் உப்ப ஊதினாலும் என்ன பாட்டு என்றே மேலே இருக்கிற எங்களுக்குத் தெரியாது. சின்ன டிரம்கள் எல்லாம் சேர்ந்து தகரத்தில் மழை கொட்டுகிற மாதிரி கேட்கும். மைக்கில் பேசுகிறவர் எந்தப் பள்ளி வருகிறது என்று சொல்வார். ஒரு குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி இருக்கும். எங்கள் தெருப் பெண்கள் ஒரு தடவை வேறு யாருக்கோ எழுந்து நின்று ஆரவாரம் செய்துவிட்டு, சீருடையைப் பார்த்ததும் உட்கார்ந்தார்கள்.

அதெல்லாம் இருந்தாலும் எனக்குப் பிடித்திருந்தது. நெஞ்சுக்குள் யாரோ பேசுகிற மாதிரி அந்தச் சத்தம் உள்ளே இறங்கியது.

எங்கள் பிள்ளைகள் உள்ளே வந்ததும் இட்லிக்காரி எழுந்துவிட்டாள். டிரம் அடிக்கு அடி கை தட்ட ஆரம்பித்தாள். கூட வந்தவர்களும் தட்டினார்கள். அப்புறம் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எல்லாரும் தட்டினார்கள். நான் கூச்சக்காரி. தட்டினாலும் எனக்கே கேட்காது.

“இன்னா பெரிம்மா, கம்முனு குந்திகினு கீற? நம்ம பொண்ணு வருது பாரு, தட்டு!” என்று என் தோளை உலுக்கினாள்.

பேண்டு நடுவில் வந்து இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் இந்தக் கோடிக்கும் பாதிப் பேர் அந்தக் கோடிக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்து சேர வேண்டும். அங்கேதான் எல்லாம் குலைந்தது. இந்தக் கோடியில் வலது கால் போகும்போது அந்தக் கோடியில் இடது கால். திரும்பி வந்தபோது இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. நடுவில் இருந்த பெரிய டிரம் பெண் யாருக்காக அடிப்பது என்று தெரியாமல் கோலை மேலே தூக்கியபடி நின்றுவிட்டாள்.

பழி முழுக்க அவள் மேல் விழுந்தது. டிரம்தானே அடி எடுத்துக் கொடுக்க வேண்டியது? திரும்பி வரும்போது பஸ்ஸில் கூடப் படிக்கிற பிள்ளைகள் யாரும் அவளோடு பேசவில்லை. இன்னொரு முறை இப்படி ஆனால் டிரம்மை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

அதற்கப்புறம் அந்தப் பெண் பேச்சைக் குறைத்துவிட்டாள். “நான் சரியாத்தான் அடிச்சேன் ஆயா. ஆனா எல்லாம் என் கிட்டருந்து ஓடிப்போயிடுச்சு” என்று ஒரு நாள் மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னாள். தலையை வாரிவிட்டேன்.

மறு வருஷம் போட்டிக்கு முன்னால் நல்ல மழை. பள்ளி மைதானம் குளமாகிவிட்டது. பேண்டு மாஸ்டர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பறக்கும் ரயில் நிலையத்துக்குக் கீழே, வண்டி நிறுத்துகிற இடத்தில் ஓரமாகப் பயிற்சி கொடுத்தார். உயரமான சிமெண்டுத் தூண்கள், மேலே சிமெண்டுக் கூரை. அங்கே பேசினாலே பேச்சு நம்மைச் சுற்றி வரும். இட்லிக்காரி பிள்ளைகளுக்குச் சுண்டல் எடுத்துக்கொண்டு போனாள். பாத்திரத்தின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன்.

பேண்டு ஆரம்பித்ததும் ரயிலுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஆட்டோக்காரர்கள் இரண்டு மூன்று பேர் குஷியாகக் கை தட்டினார்கள். இட்லிக்காரி சும்மா இருப்பாளா? பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவளும் சேர்ந்துகொண்டாள். பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்து போனார்கள். போன வருஷம் எப்படிக் குலைந்ததோ அப்படியே குலைந்தது. கீழ் வீட்டுப் பெண்ணின் முகம் சுருங்கிப்போயிற்று.

மாஸ்டர் கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினார். கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். அப்புறம் இட்லிக்காரியைப் பார்த்து, “நீங்க அந்தக் கோடிக்குப் போய் நில்லுங்கம்மா. ஒவ்வொண்ணா தட்டுங்க” என்றார்.

“நான் இன்னா தப்பு பண்ணேன் மாஸ்டர்?”

“ஒண்ணும் இல்ல. போய்த் தட்டுங்க.”

அவள் போய் நின்று தட்டினாள். எல்லாரும் பார்த்தோம். அவள் கை சேர்ந்து பிரிந்த பிறகுதான் சத்தம் எங்களிடம் வந்தது. வந்ததும் ஒற்றையாக இல்லை, கூரையிலிருந்து ஒன்று, தூணிலிருந்து ஒன்று என்று ஒரு கூட்டமாக வந்தது.

“பாத்தீங்களா? அது நம்ம கிட்ட வர்றதுக்குள்ள பழசாயிடுது” என்றார் மாஸ்டர். “பழைய தட்டுக்குப் பாதிப் பேர் கால் வெக்கிறீங்க, புது அடிக்குப் பாதிப் பேர் வெக்கிறீங்க. எனக்கே இது போன வருஷம் தோணாம போச்சு. இனிமே காத நம்பாதீங்க. டிரம் கோல் மேல கண்ணு இருக்கணும்.”

இட்லிக்காரி அந்தக் கோடியிலிருந்து வேகமாக வந்தாள். “அப்போ போன வருசம் எம் பொண்ணு மேல தப்பு இல்லியா?”

“இல்லம்மா.”

“பின்ன யாரு மேல?”

மகள்தான் சொன்னாள். “உன் மேலதாம்மா! ஊரையே சேத்துகினு வந்து தட்டுனியே!” சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஒரு வருஷத்துக்கப்புறம் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். இட்லிக்காரி அடிக்க வருகிற மாதிரி கையை ஓங்கிவிட்டு, ஓங்கிய கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

போட்டிக்கு வருகிற அம்மாக்கள் யாரும் கடைசி அடி முடிகிறவரை கை தட்டக் கூடாது என்று முடிவாயிற்று. அவர்கள் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. பெற்ற பிள்ளை வாசிக்கும்போது கை தட்டாமல் இருப்பதா? “மத்த ஸ்கூலுக்கெல்லாம் விசிலு பறக்கும். நாம மட்டும் எழவு வூட்டுக்கு வந்தா மாரி குந்திகினு இருக்கணுமா?” என்று ஒருத்தி சண்டைக்கே வந்தாள். “எம் பொண்ணு கையில டிரம்மு நிக்கணும்னா நீ குந்தித்தான் ஆவணும்” என்று இட்லிக்காரி அவளை அடக்கினாள். கை தட்டுவதில் தலைமை தாங்கினவளே சொன்னதால் மற்றவர்கள் அடங்கினார்கள்.

போட்டி நாள் வந்தது. பிள்ளைகள் வாசித்து முடித்துச் சாப்பிட என்று இட்லிக்காரி இரண்டு கட்டைப்பை நிறையச் சுண்டல் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தாள். ஒரு பை என் மடியில் இருந்தது.

அதே கூரை, அதே இரைச்சல். எங்கள் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். எங்கள் அம்மாக்கள் கையைப் புடவைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இட்லிக்காரி தன் கை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். டிரம் அடி கேட்டது. எல்லாம் சரியாகத்தான் போனது.

அப்போது எங்களுக்குக் கீழ் வரிசைகளில் வேறு பள்ளிக்கு வந்திருந்த ஜனங்கள் தட்ட ஆரம்பித்தார்கள். பாவம், நல்ல மனசுதான். இந்தப் பிள்ளைகளுக்குத் தட்ட ஆள் இல்லை என்று நினைத்திருப்பார்கள்.

“ஐயோ, தட்றாங்களே பெரிம்மா!” என்று இட்லிக்காரி எழுந்தாள். பிள்ளைகள் இன்னும் இரண்டாகப் பிரியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினாள். கத்தவும் முடியாது. ஒவ்வொருவர் முன்னாலும் கும்பிட்டுக் கும்பிட்டுக் கெஞ்சினாள். “உங்க பொண்ணுங்களுக்குத்தானேம்மா தட்றோம், இன்னாத்துக்கு வோணான்ற?” என்று ஒரு பெண் கேட்பது எனக்குக் கேட்டது. பதில் சொல்ல ஏது நேரம்? அந்தப் பெண் கையில் ஒரு சுண்டல் பொட்டலத்தைத் திணித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனாள். பொட்டலம் வாங்கின கை தட்டவில்லை. அதை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். இட்லிக்காரி நிமிர்ந்து என்னைப் பார்த்து, என்னிடம் இருந்த பையைக் கையால் காட்டினாள்.

என் வரிசைக் கடைசியில் ஆஜானுபாகுவாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் தட்டுவது பத்துப் பேர் தட்டுவதற்குச் சமம். முன்பின் தெரியாத ஆம்பிளையிடம் நான் வழிகூடக் கேட்டதில்லை. கீழே டிரம் பெண் நடுக்கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய் அவர் முன்னால் பொட்டலத்தை நீட்டினேன்.

“என்னம்மா இது?”

“சுண்டல்.”

“பிரசாதமா?”

நெற்றி நிறைய விபூதியோடு ஒரு கிழவி நீட்டினால் வேறு என்ன நினைப்பார்? தலையை மட்டும் ஆட்டினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரும் கையை நீட்டினார். அப்புறம் அவருக்குப் பின்னால் இருந்த குடும்பம். நான் ஒருவருக்குக் கொடுத்தால் மூன்று பேர் தட்டுவதை விட்டுவிட்டுக் கையை ஏந்தினார்கள். கீழேயும் அதே கதைதான். பிரசாதம் என்ற பேச்சு எங்கள் கைக்கு முன்னாலேயே போய்விட்டது.

பிள்ளைகள் பிரிந்தபோது எங்கள் பக்கத்தில் தட்டுகிற சத்தம் அடங்கியிருந்தது. டிரம் ஒற்றையாகக் கேட்டது. கூரையிலிருந்து அதன் நிழல் மாதிரி இன்னொன்று வந்தது. யாரும் அதற்குக் கால் வைக்கவில்லை. இந்தக் கோடியில் இருந்த பிள்ளைகளின் தலையெல்லாம் டிரம் பக்கம் திரும்பியிருந்தது, அந்தக் கோடியிலும் அப்படியே. கீழ் வீட்டுப் பெண் கோலை வழக்கத்தைவிட உயர்த்தி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அடித்தாள். இரண்டு கூட்டமும் நடந்து வந்தன. நான் வெறும் பையைப் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றுவிட்டேன். ஒரே காலில் வந்து சேர்ந்தார்கள். ஒரு பெண்கூடத் தடுமாறவில்லை.

கடைசி அடி விழுந்தது. கூரை அதைத் திருப்பிச் சொன்னது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. தட்ட வேண்டிய எல்லாருடைய கையிலும் சுண்டல். பொட்டலத்தை மடியில் வைத்து, எண்ணெய்க் கையைத் துடைத்து, அவர்கள் தட்ட ஆரம்பிப்பதற்குள் பிள்ளைகள் பாதி வழி வெளியே போய்விட்டார்கள்.

பெரிய பரிசு ஒன்றும் வரவில்லை. ஆனால் மாஸ்டர் வெளியே பஸ் பக்கத்தில் இட்லிக்காரியிடம் வந்து, “டிரம் உங்க பொண்ணுதுதாம்மா. படிப்பு முடியற வரைக்கும் யாரும் தொட மாட்டாங்க” என்றார். அவள் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். எந்தச் சண்டையிலும் அழாதவள்.

பஸ்ஸில் ஏறியதும் பிள்ளைகள், “யக்கா, பசிக்குது, சுண்டல் எங்க?” என்று சுற்றிக்கொண்டார்கள். பையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

“யம்மா, எல்லாத்தையும் நீங்களே துன்ட்டீங்களா? நாங்க முடிச்சப்போ ஒருத்தரும் தட்டவே இல்ல” என்றாள் மகள்.

இட்லிக்காரி ஓடுகிற பஸ்ஸில் கம்பியை விட்டுவிட்டு, நடுவில் நின்று தட்ட ஆரம்பித்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்தது அவ்வளவும் வந்தது. அம்மாக்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். கூவத்தைத் தாண்டுகிறவரை ஓயவில்லை. நானும் தட்டினேன். இந்தத் தடவை எனக்குக் கேட்டது.

எனக்கு நினைவில் இருக்கிறதை எழுதிவிட்டேன். மூன்றாவது இடமா, அதுவும் இல்லையா என்பது எனக்கு நிச்சயம் இல்லை. அன்றைக்குப் போட்டது பட்டாணியா கொண்டைக்கடலையா என்பதை இட்லிக்காரியைத்தான் கேட்க வேண்டும். அரங்கத்தின் கூரை தகரம்தானா, வேறு ஏதாவதா, அதுவும் தெரியாது. அந்தப் பேண்டில் இருந்த பிள்ளைகளோ மாஸ்டரோ யாராவது இதைப் படித்தால், தப்பாக இருக்கிற இடத்தைத் திருத்திக் கொடுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.